பயணக் கட்டுரைக்கு மே 15 கெடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் வெளிநாடு போய்வந்த வாசகர்கள் தங்கள் பயணம் முழுவதையும் ஆயிரம் சொற்களில் எழுதி மே 15-க்குள் அனுப்பலாம் என்று ஞாயிறு இணைப்பில் அறிவித்திருக்கிறீர்கள். வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கெடுவும், அந்த அளவும், ‘பயணம் முழுவதும்’ என்ற நிபந்தனையும் சேர்ந்து, எழுத நினைக்கிறவரின் கையைக் கட்டிவிடும் என்பது எங்கள் கருத்து. கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, தென்காசி, புளியரை வட்டாரத்தில் பிறர் எழுதும் கட்டுரைகளை வாசித்துத் திருத்திக் கொடுக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “எழுதணும்னு ஆசையாத்தான் இருக்கு, மூடு வரமாட்டேங்குது.”

மூடு வராததற்கு வெயில் ஒரு காரணம், தூக்கம் ஒரு காரணம். செல்போனில் கிடக்கும் எண்ணூறு படங்களும், விமான நிலையத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்ற பிடிவாதமும் மற்றவை. நான்குக்கும் கைவசம் வழி இருக்கிறது. அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு உங்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறோம்.

தூக்கத்திலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பவை. அங்கே காலை ஆறரைக்கு எழுந்து பழகிய உடம்பு, ஊருக்கு வந்ததும் நாலு மணிக்கே விழித்துக்கொள்ளும். இதை லாபமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் மண்டை ஒழுங்காக வேலை செய்வது நாலு முதல் ஆறு மணி வரைதான். பலர் “தூக்கம் கெட்டுப்போச்சு” என்று புரண்டு படுத்து, செல்போனைத் தடவி, அந்த விழிப்பை வீணாக்கிவிடுகிறார்கள். உடம்பின் கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். ஆகவே இரண்டரை மணி நேர வித்தியாசம் தானாக நிற்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கோடை முடியும்வரை அந்த விடியற்காலை உங்களுடையது.

துபாய், அபுதாபி போய்வந்தவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அந்த ஊர்கள் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் இங்கே எழுவதற்குத் தாமதமாகும். கோடைகாலத்து லண்டன் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து வந்தவருக்கு முதல் சில நாள் இரவு ஒரு மணிவரை கண் மூடாது. கிழக்கு நோக்கித் திரும்பும் பயணத்தில் உடம்பு சரியாவதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், அவர்கள் முதல் வாரம் விடியற்காலையை மறந்துவிட்டு இரவு பதினொன்று முதல் பன்னிரண்டு வரை எழுதலாம். எந்த மணியில் உட்காருவது என்பதை எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பது தீர்மானிக்கட்டும். எழுத்தாளர் என்றால் விடிய நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இரவில் எழுதுகிறவர் மேசையை எங்கே போடுகிறார் என்பது முக்கியம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பதினொரு மணி தாண்டியும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மாடி அறையில் எழுத உட்கார்ந்தவர் அரை மணியில் எழுந்துவிட்டால் அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. மேசையைக் கீழ்த்தளத்துக்கு, வடக்குப் பக்கத்துச் சன்னலுக்கு மாற்றுங்கள். ஓட்டு வீடு இன்னும் நல்லது. ஓடு சீக்கிரம் சுட்டாலும் சீக்கிரம் ஆறிவிடும். தரையில் தண்ணீர் தெளிப்பது, சன்னலில் ஈரத்துணி கட்டுவது எல்லாம் தென்காசிப் பக்கத்து வறண்ட காற்றில் பலிக்கும். மலையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கம் இருக்கும் தமிழர்கள் அதைச் செய்தால் புழுக்கம் கூடத்தான் செய்யும். அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, வேர்வையே காய்வதில்லை. அவர்களுக்கு மேசை விசிறிதான் கதி. விசிறிக்குத் தாள் பறக்கும், அதற்குப் பிள்ளைகளின் பரீட்சை அட்டை இருக்கிறது. ஜெல் பேனா எழுத்து ஈரக்கை பட்டால் இழுகிவிடும். ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா போதும். மணிக்கட்டுக்குக் கீழே மடித்த கைக்குட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் எழுதுகிறவர்கள் அதை மெத்தையில் வைக்கவேண்டாம். காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறி, தட்டிய எழுத்து திரையில் வருவதற்கே நேரமாகும். கோளாறு கருவியிலா தலையிலா என்று தெரியாமல் மூடிவைத்துவிடுவீர்கள்.

நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்றரை வரை ஒரு வரிகூட எழுத முயலவேண்டாம். அந்த நேரத்துக்குக் குமாஸ்தா வேலை நிறைய இருக்கிறது. வந்திறங்கிய முதல் வாரம் பகலில் அந்த வேலை மட்டும்தான்.

இதில் அவசரமும் உண்டு. கையோடு கொண்டுவந்த சான்றுகள் அழிகிற பருவம் இது. சாப்பாட்டுக் கடை ரசீதும், டிக்கெட்டும், விமான நிலையத்தில் தரும் போர்டிங் பாஸும் பெரும்பாலும் சூடுபட்டால் கறுக்கிற ரசாயனம் பூசிய தாள்கள். அவற்றில் மை என்பதே கிடையாது. அப்படிப்பட்ட தாளைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவைத்தால் மே மாத வெயிலில் தாள் முழுதும் கறுத்துவிடும். ரெக்சின் பர்ஸிலோ பிளாஸ்டிக் ஆல்பத்திலோ வைத்தால் எழுத்து வெளுத்துக் காணாமல் போகும். அந்த வகைப் பிளாஸ்டிக்கை வளையவைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பசை தாளின் பூச்சைக் கெடுப்பதுதான் காரணம். வந்த மறுநாளே எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது செல்போனில் படம் பிடியுங்கள். அசலைச் சாதாரணக் காகித உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

நகல் எடுத்ததோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு ரசீதின் பக்கத்திலும் ஒரு வரி எழுதவேண்டும்: என்ன வாங்கியது, யார் பணம் கொடுத்தது, சாப்பாடானால் தட்டில் எதை மிச்சம் வைத்தது. கடையின் பெயர், தேதி, மணி, விலை எல்லாம் ரசீதிலேயே இருக்கும். மனம் முதலில் மறப்பதும் இந்த நான்கைத்தான். ரசீதைத் தொலைத்தவர்கள் கார்டு தேய்த்தபோது வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடி எடுக்கலாம். அதில் நேரம் குறித்திருந்தால் அது இந்திய நேரமா அந்த ஊர் நேரமா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் டைம்லைன் வசதியை முன்பே ஆன் செய்துவைத்திருந்தவருக்கு எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதுகூடக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைப் புரட்டினால் தேதி தெரியும் என்று நம்பியிருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 2020 முதல் முத்திரை குத்துவதில்லை, அனுமதிச் சீட்டு மின்னஞ்சலில்தான் வருகிறது.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். அழுக்குத் துணிப் பையை வாஷிங் மெஷினில் கொட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து மோந்து பாருங்கள். ஓட்டல் சோப்பு, கடற்கரை உப்பு, யாரோ பூசியிருந்த அத்தர், மழையில் நனைந்து காயாத காலுறை. வாசனை இழுத்துக்கொண்டு வரும் ஞாபகத்தைப் படம் கொண்டுவராது. மோந்த கையோடு பத்து வரி எழுதிவிட்டுத் துவைக்கப் போடலாம்.

படங்களுக்கு வருவோம். செல்போன் இறங்கிய நாட்டு நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். தனிக் கேமரா, நீங்கள் மாற்றினால் ஒழிய, இந்திய நேரத்திலேயே நிற்கும். இரண்டையும் ஒரே போல்டரில் கொட்டினால், மலேசியாவில் பத்துமலை ஏறி இறங்கிய பிறகுதான் காலைச் சாப்பாடு சாப்பிட்டதாக வரும். கேமராப் படங்களின் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிக்கொண்டால் வரிசை சரியாகிவிடும். கூட வந்தவர்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களில் எடுத்த நேரமும் இடமும் கழன்று போயிருக்கும். அவற்றை ‘டாக்குமென்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

வரிசைப்படுத்திய பிறகு பன்னிரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழகான பன்னிரண்டு வேண்டாம். உங்கள் முகம் இல்லாத, நேராக நிற்காத, ஏன் எடுத்தோம் என்றே ஞாபகம் இல்லாத படங்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு படத்தில் இல்லாததை எழுதுங்கள்: படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் யாருக்கு யாரோடு சண்டை, என்ன சத்தம் கேட்டது, எந்தக் காலில் செருப்பு கடித்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவர் படத்தை விவரிப்பார். வாசகருக்கு அது தேவையில்லை, அதற்குப் பதில் படத்தையே போட்டுவிடலாம்.

குறிப்பே எடுக்காமல் போய்வந்தவர்களுக்கும் வழி உண்டு. தங்கிய இடத்திலிருந்து தினம் நடந்துபோன கடைவரை ஒரு வெள்ளைத்தாளில் பாதை வரையுங்கள். கூகுள் மேப்பைத் திறக்கக்கூடாது. திருப்பம், சிக்னல், நாய், குப்பைத்தொட்டி, பெஞ்சு என்று நினைவுக்கு வருவதை எல்லாம் குறியுங்கள். கோடு எங்கே அறுந்து நிற்கிறதோ அங்கே ஒரு கேள்விக்குறி. கூட வந்தவரிடம் அந்தக் கேள்விக்குறியைக் காட்டி, “இந்த இடத்துல என்ன இருந்தது?” என்று கேட்டால், பதிலோடு நீங்கள் மறந்தே போன இரண்டு சங்கதிகளும் சேர்ந்து வரும்.

இதற்கிடையே வீட்டுக்கு ஆள் வரும். சாக்லேட்டும் கோடாலித் தைலமும் பங்கு வைக்கிற நாட்களில் அத்தைக்கு ஒரு தரம், சித்தப்பாவுக்கு ஒரு தரம், பக்கத்து வீட்டுக்கு ஒரு தரம் என்று அதே பயணத்தைச் சொல்லவேண்டியிருக்கும். ஐந்தாவது முறைக்குள் கதைக்கு ஓர் அச்சு விழுந்துவிடும். எல்லோரும் சிரித்த இடங்கள் பெருகும், யாரும் கவனிக்காத இடங்கள் உதிரும். பிறகு எழுத உட்கார்ந்தால் அச்சில் வார்த்ததுதான் வரும், எழுதுகிறவருக்கே சலிப்பாக இருக்கும். எழுத நினைத்திருக்கும் அந்த ஒரு சங்கதியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தாராளமாகப் பேசலாம். கேட்கிறவர்களின் கேள்விகளைக் குறித்து வையுங்கள். “தண்ணிய விலைக்குத்தான் வாங்கணுமாடே?” “அங்க நம்ம ஆளுங்க எங்க தூங்குதாங்க?” பதில் தெரியாமல் நீங்கள் விழித்த கேள்வி எதுவோ, அதற்குள் கட்டுரை ஒன்று இருக்கும்.

அந்த ஒரு சங்கதியைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆறு நாள், மூன்று ஊர், பதினெட்டு இடம் என்பது டூர் பேக்கேஜின் கணக்கு. ஆயிரம் சொல்லில் பதினெட்டு இடம் என்றால் ஓர் இடத்துக்கு ஐம்பத்தைந்து சொல். அதில் “அடுத்து நாங்கள் சென்றது” என்பதற்கே கால்பங்கு போய்விடும். ஓர் இடம், ஒரு மணி நேரம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்ற நேரம். துபாயில் ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் தேராவிலிருந்து பர்துபாய்க்குக் கடந்த சில நிமிடம். இமிகிரேஷன் வரிசை. ஓட்டல் அறையில் எல்லோரும் வெளியே போயிருக்க, வயிற்றுக்கோளாறோடு தனியாகக் கிடந்த மத்தியானம்கூட ஆகும். சுற்றுலாவின் சிறப்பு அம்சமாக எது விளம்பரத்தில் இருந்ததோ அதை முதல் கட்டுரைக்கு எடுக்கவேண்டாம். அதைப் பற்றிப் பிறர் சொன்னதெல்லாம் உங்கள் காதில் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

எழுதும் முறை எளிது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். இருநூறு பக்க நோட்டு மலைப்பைத் தரும். இடது பக்கம் ரசீதிலும் படத்திலும் கிடைத்த விவரம், வலது பக்கம் கட்டுரை. இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், செல்போனில் வேண்டாம், வீட்டுக் கடிகாரத்தில். மணி அடிக்கும்வரை அடித்தல் திருத்தல் கிடையாது. மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, அடுத்து வரவேண்டியதை ஓரத்தில் இரண்டு சொல்லில் குறித்துவிட்டு எழுந்துவிடுங்கள். எழுத வந்துகொண்டிருக்கும்போதே நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு எழுந்தவர் மறுநாள் வெறுந்தாளோடு மல்லுக்கட்டுவார். பாதியில் எழுந்தவருக்கு மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும். கையெழுத்து நடுத்தர அளவில் இருந்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 150 சொல். ஐந்து விடியற்காலையில் 750 சொல் சேர்ந்துவிடும், அதற்கு மேல் தேவையில்லை.

தொடக்கம் விமான நிலையத்தில் வேண்டாம். திருவனந்தபுரத்தில் பெட்டி எடை போட்டதில் தொடங்கிய கட்டுரை ஓட்டல் சாவி வாங்குவதற்குள் மூச்சு விட்டுவிடுவதை எத்தனையோ கையெழுத்துப் படிகளில் பார்க்கலாம். பயணத்தின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பகல் பொழுது, கையில் ஏதோ ஒரு பொருள், அங்கே தொடங்குங்கள்.

முதல் கையெழுத்துப் படியில் சில சொற்களுக்குத் தடை போடுங்கள். பிரம்மாண்டம், சொர்க்கம், கண்கொள்ளாக் காட்சி, மெய்சிலிர்த்தது. இவற்றோடு “நம்ம ஊர்ல இப்படி வருமா” என்ற வாக்கியத்துக்கும். அது உண்மையோ பொய்யோ, அதைச் சொன்ன அந்த நொடியே பார்ப்பது நின்றுவிடுகிறது. தெரு சுத்தமாக இருந்தது என்று எழுதிவிட்டால் அத்தோடு முடிந்தது. காலை ஐந்தரைக்கு அதைக் கூட்டியவர் யார், எந்த மொழியில் பேசினார், கையுறை போட்டிருந்தாரா என்று எழுதினால் பக்கம் நகரும். சிங்கப்பூர் மெட்ரோவில் சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்பது எல்லோரும் எழுதும் தகவல். பசித்து அழுகிற குழந்தையோடு அந்தப் பெட்டியில் நின்ற தாய் என்ன செய்தாள் என்பதை நேரில் பார்த்தவர் மட்டும்தான் எழுதமுடியும்.

எண்களும் அப்படியே. புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், பெட்ரோனாஸ் கோபுரம் 452 மீட்டர். இதை வாசகர் படுத்துக்கொண்டே செல்போனில் பார்த்துவிடுவார். பத்துமலைப் படி 272 என்பதையும் பார்த்துவிடுவார். ஆனால் பண்பொழி திருமலைக்கோயில் படியேறிப் பழகிய முழங்கால் அந்த 272-இல் எங்கே முதல் தடவை நின்றது, பக்கத்தில் ஏறிய சீனக் கிழவர் நிற்காமல் போனாரா, குரங்கு யார் பையைப் பறித்தது என்பதெல்லாம் எந்தத் தளத்திலும் இல்லை. இந்த ஊர்க்காரருக்குக் கையோடு இருக்கிற அளவுகோல் திருமலைப் படிதான். அதைக் கொண்டு அளக்க வெட்கப்படவேண்டாம்.

பேச்சை எழுதுவதில் எல்லைப்புறத்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வளைகுடாவில் டீக்கடை, மளிகைக்கடை, முடிவெட்டும் கடை என்று எங்கே போனாலும் மலையாளம் கேட்கிறது. செங்கோட்டைக்காரருக்கும் களியக்காவிளைக்காரருக்கும் வாளையாறு, கோபாலபுரம் பக்கத்தவருக்கும் அது காதில் தானாக விழும் மொழி. அதைக் கட்டுரையில் கொண்டுவரும்போது ‘ஐயா, தங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று ஏட்டுத் தமிழாக்கி நாசம் செய்துவிடுகிறார்கள். “எந்தா வேண்டே சேட்டா?” என்று தமிழ் எழுத்திலேயே ஒரு வரி விடுங்கள், நம் வாசகருக்குப் புரியும். ஒரு பேச்சுக்கு ஒரு வரி போதும், பிறகு தமிழுக்கு வந்துவிடலாம். முழுப் பக்கமும் மலையாளமாக ஓடினால் மதுரைக்கு வடக்கே இருப்பவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரரைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொண்டிருப்பவர், சம்பளம் பாக்கியுள்ளவர், ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்திருப்பவர் என்று நெகிழ்ந்து எழுதிவிடுவீர்கள். பத்திரிகைப் பக்கம் படமாகி வாட்ஸாப்பில் அவருடைய முதலாளியின் கண்ணில் பட எத்தனை நேரமாகும்? பெயர், கம்பெனி, கேம்ப் இருக்கும் இடம், அவர் ஓட்டும் வண்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அச்சுக்கு அனுப்பும் முன் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பத்தி போகட்டும்.

எல்லாம் செய்தும் வரி நகரவில்லை என்றால் வெளிநாட்டை இரண்டு நாள் மூடிவைத்துவிட்டுப் புளியரைக்குப் போங்கள். கொல்லம் பஸ் ஏறி எஸ் வளைவில் திரும்பி, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் போதும். பஸ்ஸின் பெயர்ப்பலகை மாறுகிற இடம், டீயின் நிறமும் விலையும், சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிகளில் எது காய்கறி எது வைக்கோல், கிளீனர் எங்கே படுத்திருக்கிறார். லாட்டரிச் சீட்டு விற்கும் மேசை எல்லைக்கு எத்தனை அடி தாண்டிப் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது, கேரளத்தில் அரசே நடத்துகிறது, அந்த மேசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் எந்தப் பக்கத்தவர் என்று பேச்சைக் கேட்டால் தெரிந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலுமாக இருந்தது. எந்த ஆபீஸுக்கு எந்தப் பக்கம் போய்வந்தோம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் கிடைத்தால் அவர்களிடமும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். இதை எல்லாம் அதே இருபது நிமிட முறையில் எழுதிப் பாருங்கள். எல்லையைக் கடப்பதைக் கவனிக்கும் பழக்கம் இங்கே பிடிபட்டால், சாங்கி விமான நிலையத்து வரிசையில் பார்த்தும் பார்க்காமல் விட்டது என்ன என்று தானாக ஞாபகம் வரும். கையில் ஒரு பக்கம் எழுதின தெம்பும் இருக்கும்.

தட்டச்சைப் பற்றிச் சுருக்கமாக. செல்போனில் குரல் தட்டச்சு தமிழுக்கும் வந்துவிட்டது. முதல் படிக்கு அது ஆகாது: முற்றுப்புள்ளியைச் சரியாகப் போடாது, நம் பேச்சு வழக்கைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றிவிடும். கையால் எழுதி முடித்ததை நிதானமாக வாசித்து ஏற்றிக்கொள்ள மட்டும் அதைப் பயன்படுத்தலாம். டி.டி.பி. கடையில் கொடுத்து அடிப்பவர்கள் யூனிகோடில் வேண்டும் என்று முன்னமே சொல்லிவிடவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளும் ஆங்கில எழுத்துமாக விரியும்.

இனி திருத்தம். மாலை ஐந்து மணிக்குக் கணவாய்க் காற்று இறங்கியதும் எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். முதல் இரண்டு பத்தியையும் நீக்கிவிட்டு மூன்றாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் தொடங்கியிருக்கும். முன்னால் இருப்பது கை சூடேறுவதற்காக எழுதியது.

இப்போது கெடு விஷயத்துக்கு வருகிறோம். பள்ளி விடுமுறை கிடைத்து ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ போகிறவர்கள் திரும்பும்போதே மே 10 ஆகிவிடும். தூக்கம் சரியாக ஒரு வாரம், சேகரிக்க ஒரு வாரம், எழுத ஒரு வாரம் என்றால் மே முடிந்துவிடும். ஜூன் முதல் வாரம் பள்ளி திறப்பு, சீருடை, நோட்டு அட்டை. அதோடு மலையில் மழை இறங்கிச் சாரல் கட்டிவிட்டால் குற்றாலத்துக்கு வருகிற சொந்தபந்தம் எல்லாம் எங்கள் வீடுகளில்தான் இறங்கும். ஜூனில் மூன்று வாரம் இங்கே யாரும் பேனா பிடிக்கமுடியாது, பிடிக்கவும் வேண்டாம். முதல் படி அலமாரியில் கிடந்து ஆறட்டும். சாரலில் தாள் ஈரம் கோத்து எழுத்து ஊறும் என்பதால் நோட்டைச் சன்னல் பக்கம் வைக்காமல் இருந்தால் சரி. ஜூலையில் எடுத்து வாசிக்கும்போது அசடு வழிகிற வரிகள் எழுதியவர் கண்ணுக்கே தெரியும். மே 15-இல் அது தெரியாது. தெரியாமல் அனுப்பியதை எல்லாம் உங்கள் உதவியாசிரியர்கள் உட்கார்ந்து வெட்டவேண்டியிருக்கும்.

ஆகவே கடைசித் தேதியை ஜூலை 31 ஆக்குங்கள். ‘பயணம் முழுவதும்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஓர் இடம்’ என்று போடுங்கள். ஆயிரம் சொல்லுக்குப் பதில் நானூறு முதல் எழுநூறு வரை கேளுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் கிடைக்கும். எழுதியவர் கோபுரத்துக்கு முன் நிற்கும் படத்தைக் கட்டாயம் ஆக்கவேண்டாம். தபாலில் வரும் கையெழுத்துப் படியையும் ஏற்பீர்களா, மின்னஞ்சலானால் எந்த எழுத்துருவில் வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் நோட்டில் எழுதுகிறவர்களில் பலருக்கு வீட்டில் கணினி இல்லை.

இப்படிக்கு,
கையெழுத்துப் படிகளைத் திருத்தும் வாசகர்கள் சிலர்,
செங்கோட்டை.